மாவு அளக்க: ஸ்டீல் கப் செட்டும் டிஜிட்டல் தராசும்

மதுரை மாசி வீதிப் பாத்திரக் கடைகளில் ஸ்டீல் கப் செட் வாங்கினால், முதலில் சோதியுங்கள். செட்டில் உள்ள 1 கப்பைத் தராசில் வைத்து, டேர் (எடையைப் பூஜ்யமாக்கும் பட்டன்) அழுத்தி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினால் 240 கிராம் காட்ட வேண்டும். 250 காட்டும் செட்டும் உண்டு.

மைதாவுக்குக் கப்பை நம்பவே வேண்டாம். ஸ்பூனால் போட்டுத் தலைதட்டினால் 120–125 கிராம். கப்பையே மாவில் அமுக்கி அள்ளினால் 150 வரை ஏறிவிடும். கேக் வறண்டு, மேலே வெடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சர்க்கரை 200 கிராம், அவ்வளவாக மாறாது.

5 கிலோ டிஜிட்டல் தராசு மாவுக்கு அருமை, தாராளமாக வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு கிராமாகத்தான் காட்டும் என்பதால் ஈஸ்ட்டுக்கு ஆகாது. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் உலர் ஈஸ்ட் சுமார் 3 கிராம். ஃபேனுக்கு அடியில் வைத்தால் எண் நிற்காமல் ஆடும்.