டச்பேட் ஸ்க்ரோல் வேகம்: ஒன்றரை வருடப் பழக்கத்துக்குப் பிறகு

எனக்குப் பிழைதிருத்தும் வேலை. காலையிலிருந்து மாலைவரை பிடிஎஃப் பக்கங்கள் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். மேசையில் ஒரு பக்கம் கைப்பிரதி, மறுபக்கம் அகராதி. மவுஸ் வைக்க இடமில்லாததால் எல்லாமே டச்பேடில்தான்.

முன்பு வைத்திருந்த லேப்டாப்பில் இரண்டு விரலை லேசாக இழுத்தாலே மூன்று பத்தி தாண்டிவிடும். 'வர சொன்னார்' என்று ஒற்று விட்டுப்போயிருப்பது கண்ணில் பட்ட நொடியில் அந்த வரி மேலே பறந்திருக்கும். திரும்ப இறக்கித் தேட வேண்டும். ஒரு நாளில் நூறு முறை இப்படி நடந்தால் சாயங்காலம் மணிக்கட்டு வலிக்காமல் என்ன செய்யும்?

அந்த லேப்டாப்பின் செட்டிங்ஸில் வேகம் என்று ஒன்று இருந்தது. குறைத்துப் பார்த்தேன், கர்சர்தான் மெதுவானது. ஸ்க்ரோல் வேகம் அது இல்லை, இரண்டும் வேறு வேறு. பிறகு ஃபயர்பாக்ஸில் வழி கிடைத்தது. முகவரிப் பட்டையில் அபவுட்:கான்ஃபிக் என்று அடித்து, 'டெல்ட்டா மல்டிப்ளையர் ஒய்' என்ற அமைப்பைத் தேட வேண்டும். ஆல்ட், கன்ட்ரோல் சேர்த்து நாலைந்து வரி வரும். 'டிஃபால்ட்' என்று இருப்பதுதான் நமக்கு வேண்டியது. அதில் 100 என்று இருந்ததை 40 ஆக்கினேன். பிரவுசர் அடங்கியது. ஆனால் பிடிஎஃப் ரீடர் பழையபடியே ஓடியது. என் வேலையே அதில்தான்!

2024 பிப்ரவரியில் லினக்ஸுக்கான டெஸ்க்டாப் சூழலான கேடிஇ பிளாஸ்மா 6 வந்தது. சில மாதம் கழித்து, புது லேப்டாப் வாங்கியபோது அதற்கே மாறிவிட்டேன். சிஸ்டம் செட்டிங்ஸில் டச்பேட் பக்கத்தைத் திறந்தால், பாயின்டர் ஸ்பீட் தனியாகவும் ஸ்க்ரோலிங் ஸ்பீட் தனியாகவும் இரண்டு ஸ்லைடர். வேலண்ட் (திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறை) அமர்வில் இது எல்லா மென்பொருளுக்கும் சேர்த்து வேலை செய்கிறது. பாதிக்கும் கீழே தள்ளி அப்ளை கொடுத்தேன். விரலை ஒரு சென்டிமீட்டர் இழுத்தால் இரண்டு மூன்று வரி நகர்ந்து நின்றது. உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

ஒன்று கவனியுங்கள். ஃபயர்பாக்ஸின் பழைய புரொஃபைலை, அதாவது என் அமைப்புகள் எல்லாம் இருக்கும் கோப்புறையை, அப்படியே கொண்டுவந்திருந்தேன். இந்த ஸ்லைடரைக் குறைத்ததும் ஃபயர்பாக்ஸ் நத்தையாக ஊர்ந்தது. அந்த 40ஐ மறுபடி 100 ஆக்கிய பிறகுதான் சரியானது.

திசையைப் பற்றிப் பலரும் வாதாடுவார்கள். 2011இல் ஆப்பிள் தன் மேக் இயங்குதளத்தின் லயன் பதிப்பில் 'நேச்சுரல் ஸ்க்ரோலிங்' கொண்டுவந்ததிலிருந்து விரல் போகும் திசையிலேயே திரையில் உள்ள பக்கமும் போவது பரவிவிட்டது. எனக்கு அதுவே பிடிக்கும், காகிதத்தை நகர்த்துவது போல இருக்கும். எதைத் தேர்ந்தாலும் இரண்டு வாரம் மாற்றாமல் இருங்கள், கை தானாகப் பழகும். பிளாஸ்மாவில் மவுஸுக்குத் திசை தனி என்பதால் எப்போதாவது செருகினாலும் குழப்பமில்லை.

தட்டச்சு செய்யும்போது டச்பேட் அணையும் வசதியையும் போட்டே வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் உள்ளங்கை பட்டுக் கர்சர் எங்கேயோ போய்விடும். அதனால் ஒரு 'ச்' சேர்த்துவிட்டு உடனே விரலை இழுத்தால் கணநேரம் பக்கம் அசையாது. முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்த இடைவெளியில் திருத்திய சொல்லை இன்னொரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.