மிஸ்ஸிங் என்று போனால் 'போர் போச்சு' என்கிறார்கள்: ரெட்டை பிளக் வண்டிக்காரர்கள் கவனம்

ஒரு பிளக் கேப் (ஸ்பார்க் பிளக் தலையில் மாட்டும் வயரின் முனை மூடி) போனதற்கு இன்ஜினையே பிரித்து, 8,700 ரூபாய் வாங்கிக்கொண்டு, கோளாறை அப்படியே வைத்து வண்டியைத் திருப்பித் தந்திருக்கிறார்கள். பழைய பல்சர் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வண்டி 150 சிசி பல்சர், கார்புரேட்டர் மாடல். நல்ல மழையில் நனைந்த பிறகுதான் தொந்தரவு ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் ஐட்லிங் ஒழுங்காக நிற்காது, தடதடவென்று உதறும். கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது நாலாவது கியரில் இழுக்கவே இழுக்காது. ஆக்சிலரேட்டரைத் திருகினால் ஒரு திணறல், நடுவில் சைலன்சரில் 'டப்'பென்று ஒரு சத்தம். இந்தத் திணறலைத்தான் 'மிஸ்ஸிங்' என்பார்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி நகராமல் இருந்தால் கிளட்ச் பிளேட்டைச் சந்தேகப்படலாம். இங்கே சத்தமும் ஏறவில்லை. புகை கிடையாது, ஆயிலும் குறையவில்லை. இந்தக் கடைசி இரண்டையும் கடையில் தெளிவாகச் சொன்னேன்.

கடை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெரிய போர்டு, ஏர் கம்ப்ரஸர், வண்டி ஏற்றும் ராம்ப் எல்லாம் உண்டு. ஒரு பையன் ஒரே ஒரு பிளக்கைக் கழற்றி ஓனரிடம் கொடுத்தான். கருப்பாக இருந்தது. அவர் அதை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பாருங்க சார், ஆயில் மேலே ஏறுது. போர் போச்சு. இப்படியே ஓட்டினீங்கன்னா சீஸ் ஆயிடும்" என்றார். போர் என்றால் பிஸ்டன் ஏறி இறங்கும் சிலிண்டர் துளை. அது தேய்ந்துவிட்டது, இன்ஜின் இறுகி நின்றுவிடும் என்கிறார். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கவில்லை. இன்னொரு பிளக்கைத் தொடக்கூட இல்லை. வேறு என்னவாக இருக்கலாம் என்று கேட்டதற்கு, "முப்பது வருஷ அனுபவம் சார்" என்று பதில்.

மதியம் போன் வந்தது. இன்ஜினைப் பிரித்தாகிவிட்டதாம், வால்வும் தேய்ந்திருக்கிறதாம், ப்ளாக்–பிஸ்டன் கிட் மாற்றியே ஆக வேண்டுமாம். பிரித்துத் தட்டில் போட்ட இன்ஜினை வேறு எந்தக் கடைக்கு எடுத்துக்கொண்டு போவது? அவர்களுக்கும் அது தெரியும். பிரித்த பிறகுதான் ரேட்டே சொல்கிறார்கள். வண்டி எடுக்கப் போனபோது பழைய பிஸ்டனைக் கேட்டேன். "ஸ்க்ராப்காரன் அள்ளிட்டுப் போயிட்டான் சார்." உள்ளே உண்மையிலேயே புதுக் கிட் இருக்கிறதா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இனிமேல்தான் பெரிய சாமர்த்தியம். ரன்னிங்–இன் என்றால் புது பாகங்கள் பழகும்வரை வண்டியை மெதுவாக ஓட்டுவது. "புது போர், ரன்னிங்–இன்ல விடணும். 1,000 கிலோமீட்டர் வரைக்கும் நாப்பதைத் தாண்டாதீங்க. ஆரம்பத்துல கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும், தானா செட் ஆயிடும்" என்றார். நாற்பதிலேயே உருட்டிக்கொண்டிருந்தால் இழுவை இல்லாதது எப்படித் தெரியும்? தெரிந்தாலும் 'டைட்' என்று ஏற்கெனவே ஒரு காரணம் கையில் கொடுத்தாயிற்று. அதற்குள் பணம் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் ஐட்லிங்கில் அதே உதறல், அதே 'டப்'. ரன்னிங்–இன்னுக்கும் சைலன்சர் வெடிப்பதற்கும் என்ன சம்பந்தம்?

நண்பன் சொல்லி, புதுப்பேட்டைப் பக்கம் வயதான ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. இன்ஜினை ஆஃப் செய்து ஒரு பக்க கேப்பைக் கழற்றினார். அதில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அதன் உலோகம் இன்ஜினில் படும்படி சாய்த்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தார். முன்பு உதறிய அதே மாதிரி ஓடியது, கொஞ்சம்கூட மாற்றம் இல்லை. அதைத் திரும்ப மாட்டி, அடுத்த பக்கத்தைக் கழற்றினார். ஸ்டார்ட் ஆகவே இல்லை. "தம்பி, இத்தனை நாளா ஒத்தை பிளக்குல ஓட்டிக்கிட்டு இருக்கீங்க" என்றார்.

பல்சரின் டிடிஎஸ்–ஐ எனும் ரெட்டை பிளக் இன்ஜினில் சிலிண்டர் ஹெட்டுக்கு இரண்டு பக்கமும் பிளக் உண்டு. ஒன்று செத்தாலும் மற்றொன்று வண்டியை ஓட்டிவிடும். ஆனால் நெருப்பு ஒரே ஓரத்திலிருந்து பரவ வேண்டியிருப்பதால் பெட்ரோல் மெதுவாக எரியும், இழுவை போய்விடும். வண்டி நின்றே போயிருந்தால் யாராயிருந்தாலும் முதலில் பிளக்கைத்தான் பார்த்திருப்பார்கள்.

இரண்டு பிளக்கையும் கழற்றி ஒரு செய்தித்தாள் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்று பிஸ்கட் நிறம். மற்றது, அந்தக் கடை புதிதாகப் போட்டு பில்லில் காசு வாங்கிய பிளக், மறுபடி கருத்திருந்தது. விரலால் தேய்த்தால் உலர்ந்த கரி பொடியாக வந்தது. ஆயில் ஏறியிருந்தால் ஈரமாகப் பளபளவென்று பிசுபிசுக்கும் என்றார். கேப்பைத் திருகிக் கழற்றியபோது உள்ளே பச்சைப் பச்சையாகக் களிம்பு. மழைத் தண்ணீர் இறங்கிய வேலை. மின்தடை பார்க்கும் மீட்டரில் 5 கிலோ ஓம் அளவில் காட்ட வேண்டிய கேப் ஒன்றுமே காட்டவில்லை. வயர் நுனியைக் கொஞ்சம் நறுக்கி, புதுக் கேப் திருகினார். கேப், கூலி எல்லாம் சேர்த்து 250 ரூபாய். அன்று கத்திப்பாராவை நாலாவது கியரிலேயே ஏறினேன்.

யாராவது உங்களிடம் 'போர் போச்சு' என்றால், முதலில் கம்ப்ரஷன் கேஜ் ரீடிங்கைக் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். ரீடிங் குறைவாக இருந்தால் பிளக் துளையில் சில சொட்டு ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்), போர் பக்கம் கோளாறு. ஏறாவிட்டால் வால்வு பக்கம். கேஜ் இல்லாத கடை என்றால் இன்ஜினைத் தொட விடாதீர்கள். கிக்கர் உள்ள வண்டியில் நீங்களே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம்: மெதுவாக அழுத்தும்போது ஒரு இடத்தில் காலை நன்றாகத் தடுக்க வேண்டும், கொழகொழவென்று இறங்கக் கூடாது. மேலே சொன்ன கேப் சோதனையைச் செய்பவர்கள் இன்ஜின் ஓடும்போது கேப்பைக் கையால் பிடுங்காதீர்கள், ஷாக் அடிக்கும். பிரிப்பதற்கு முன்பே ரேட்டையும் பழைய பாகங்கள் திரும்ப வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் என்றாலும் சரி.

பழைய கேப்போடு கடைக்குத் திரும்பிப் போனேன். "அது இப்போ போயிருக்கும் சார், நாங்க பார்க்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்று முடித்துவிட்டார். அவர் கொடுத்தது கடைப் பெயர்கூட இல்லாத துண்டுச் சீட்டு. அதையும் யுபிஐ ரசீதையும் வைத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.