ஆய்வேட்டை யாரிடம் கொடுப்பது?

தமிழில் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடித்தவருக்கு, செப்பம் செய்ய மூன்று வழிகள் உண்டு: மென்பொருள், பிழை திருத்துநர், பொறுமையுள்ள நண்பர். பலரும் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். நான் மூன்றாவதன் கட்சி.

மென்பொருளிலும் வகை உண்டு. நீச்சல்காரன் உருவாக்கிய வாணி எழுத்துப்பிழையைக் காட்டும். நாவி சந்திப்பிழையைக் காட்டும். 'நாட்டுப்புற கதை' என்று ஒற்று விடுபட்ட இடங்களை 300 பக்கங்களில் தேடி யாரும் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் 'கீரை கடை' என்று எழுதினால், கடையச் சொல்கிறீர்களா, விற்கும் இடத்தைச் சொல்கிறீர்களா என்பது உங்களுக்குத்தான் வெளிச்சம். கல்வெட்டு வாசகத்தை மேற்கோள் காட்டுவோருக்கு இன்னும் கவனம் வேண்டும். கல்லில் உள்ள எழுத்தைப் பிழையென்று எண்ணித் திருத்தினால் சான்றே போயிற்று.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் வேறு ரகம். நடையை வழவழப்பாக்கித் தருகின்றன. எனக்குப் பயம் அந்த வழவழப்பில்தான். 'வறட்சி இதற்குக் காரணமாக இருக்கலாம்' என்று நண்பர் ஒருவர் தயங்கி எழுதியது, 'வறட்சியே இதற்குக் காரணம்' என்று திரும்பி வந்தது. வாக்கியம் மிடுக்காகத்தான் இருந்தது. வாய்மொழித் தேர்வில் 'சான்று எங்கே?' என்று கேட்டால் விழிக்கப்போவது கருவி அல்ல.

பிழை திருத்துநர் பக்கக் கணக்கில் பணம் வாங்குவார். ஒருமை பன்மை மயக்கம், ஒரு, ஓர் குழப்பம் எல்லாம் தீரும். ஆனால் இலக்கணப் பிழை இல்லாத மோசமான வாக்கியத்தை அவர் பெரும்பாலும் தொடுவதில்லை. அது அவர் வேலையும் அல்ல. இதைப் பாருங்கள்:

'கரிசல் வட்டாரச் சிறுகதைகளில் இடம்பெறும் உழவர் வாழ்வியல் குறித்த பதிவுகள் இவ்வியலில் ஆய்வுக்கு உட்படுத்தப்படுகின்றன.'

ஒரு பிழையும் இல்லை, உயிரும் இல்லை. வேறு துறை நண்பரிடம் உரக்கப் படித்துக் காட்டினால், 'அப்படியென்றால் என்ன?' என்பார். நீங்கள் வாயால் சொல்லும் பதில்தான் நல்ல வாக்கியம்: 'கரிசல் வட்டாரச் சிறுகதைகள் உழவர் வாழ்வை எப்படிக் காட்டுகின்றன என்று இந்த இயல் ஆராய்கிறது.' 'உட்படுத்தப்படுகின்றன', 'மேற்கொள்ளப்பட்டுள்ளது', 'காணப்படுகிறது' ஆகிய மூன்றும்தான் நம் ஆய்வேடுகளின் நிரந்தரக் குடிகள். அவற்றைக் காலி செய்ய வைக்க, புரியாத முகம் ஒன்று எதிரே இருந்தால் போதும். செலவு, இரண்டு மாலைப் பொழுதும் தேநீரும்.

எனவே நண்பர் முதலில், மென்பொருள் கடைசியில். மாற்றிச் செய்தால், திருத்திய வாக்கியங்களில் புதிய சந்திப்பிழைகள் முளைக்கும்.

ஓரிடத்தில் மட்டும் நண்பரும் கருவியும் கைவிடுவார்கள். மு. இராகவையங்கார் வேறு, ரா. இராகவையங்கார் வேறு, இருவருமே பெரும்புலவர்கள். அடிக்குறிப்பில் தலைப்பெழுத்து மாறிப்போனால் ஒருவர் கருத்து மற்றவர் கணக்கில் ஏறிவிடும். பொருளியல் படித்த நண்பருக்கு அது தெரியாது. எழுத்துப்பிழை இல்லாததால் வாணிக்கும் தெரியாது. அடிக்குறிப்புகளையும் துணைநூற்பட்டியலையும் மட்டுமாவது தமிழ் படித்த மூத்த திருத்துநர் ஒருவரிடம் பணம் கொடுத்தே காட்டிவிடுங்கள்.