பிளேஆஃப் கணக்குப் பேச ஒரு இடம்: டெட்ராய்ட் பக்கத்து ஸ்போர்ட்ஸ் பார் அனுபவம்

அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில் எங்கள் டெட்ராய்ட் டீம் லயன்ஸ். அவர்கள் மேட்ச் பார்க்க மிச்சிகனில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை, ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டப் போனாலும் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் டிசம்பர் பிறந்துவிட்டால் நம்ம டீம் மேட்சை மட்டும் பார்ப்பது போதாது. சியாட்டில் ஜெயிக்கிறதா, கிரீன் பே எங்கே நிற்கிறது, இதெல்லாம் தெரிந்தால்தான் நாம் பிளேஆஃப், அதாவது சீசன் முடிந்ததும் நடக்கிற நாக்அவுட் சுற்றுக்குப் போவோமா மாட்டோமா என்று வாயைத் திறக்கவே முடியும். வீட்டு டிவியில் சிபிஎஸ்ஸும் ஃபாக்ஸும் நம் ஏரியாவுக்கென்று ஒதுக்கிய மேட்சைத்தான் காட்டும், வெளியூர் மேட்சுக்குச் சண்டே டிக்கெட் என்று தனியாகக் காசு கட்ட வேண்டும். அதனால்தான் 2022 ஜனவரியிலிருந்து நோவை பக்கம், கிராண்ட் ரிவர் சாலையை ஒட்டி உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் பாருக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். பெயரை எழுதவில்லை. அங்கே வருகிற பாதிப் பேர் வருஷக்கணக்காக ஒரே நாற்காலியில் உட்காருகிறவர்கள், அவர்கள் இடத்தைப் பறிகொடுக்க நான் காரணமாக வேண்டாம்.

முதலில் சாப்பாட்டை முடித்துவிடுகிறேன். விங்ஸ் நன்றாக இருக்கும், மொறுமொறுப்பு குறையாது, காரம் என்று அவர்கள் சொல்வது நமக்குக் காரமே இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்கள் டெட்ராய்ட் பிட்சாவை வாங்கலாம்: சதுரமாக, ஓரம் வரை சீஸ் போட்டுக் கருக விட்டு, சாஸை மேலே ஊற்றித் தருவார்கள், அந்தக் கருகிய ஓரத்துக்காகவே நான் இரண்டு துண்டு கூடச் சாப்பிடுவேன். வறுத்த ஊறுகாய் வெள்ளரி வேண்டாம், எண்ணெய் குடித்திருக்கும். சரி, சாப்பாடு இவ்வளவுதான்.

இந்த இடத்தின் விசேஷம் கவுன்டருக்குப் பின்னால் மாட்டியிருக்கும் வெள்ளைப் பலகை. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்ததும் அதைத் துடைத்து நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் ஏஎஃப்சி, வலது பக்கம் என்எஃப்சி, பக்கத்துக்கு ஏழு இடம் என்று எழுதி அணிச் சின்னம் போட்ட காந்தங்களை வரிசையாக ஒட்டுவார்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: மொத்தம் 32 அணி, ஏஎஃப்சி, என்எஃப்சி என்ற இரண்டு கான்ஃபரன்ஸாக 16-16, ஒவ்வொன்றிலும் நாலு டிவிஷன். டிவிஷன் ஜெயித்த நாலு பேர் நேராக உள்ளே, மிச்சம் மூன்று இடத்துக்குத்தான் அடிதடி. ஏழில் முதலிடம் பிடிக்கிற ஒரே ஒரு அணிக்கு முதல் வாரம் ஓய்வு. 17 மேட்ச்தான் மொத்தமே என்பதால் ஒரு தோல்வி மூன்று மாதம் கழித்துக்கூட வந்து கழுத்தைப் பிடிக்கும்.

நம் ஆட்களுக்கு இந்தக் கணக்கு ஒன்றும் புதுசில்லை. 2024 மே மாதம் சின்னசாமியில் சிஎஸ்கே 201 எடுத்திருந்தால் தோற்றும் உள்ளே போயிருக்கும், 191-ல் நின்றோம், அன்றைக்கு ராத்திரி எத்தனை வீட்டில் நெட் ரன் ரேட் பேசியிருப்பார்கள். என்எஃப்எல்லில் அப்படி இல்லை, எத்தனை புள்ளியில் ஜெயித்தாய் என்பது ரொம்பக் கடைசியில்தான் வரும். இரண்டு அணி சமமாக நின்றால் முதல் கேள்வி, நீங்கள் இரண்டு பேரும் மோதினீர்களா, யார் ஜெயித்தது என்பதுதான். மோதவில்லையென்றால் அவரவர் கான்ஃபரன்ஸ் அணிகளோடு ஜெயித்த கணக்கு, அப்புறம் இருவரும் பொதுவாக மோதிய அணிகள், இப்படி இறங்கி இறங்கிப் போய் எதிலும் தீரவில்லையென்றால் நாணயம் சுண்டுவது வரை டைபிரேக்கர் விதி எழுதி வைத்திருக்கிறார்கள். பாரில் பலகையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, சமமாக நிற்கிற அணிக்குப் பக்கத்தில் அந்தக் காரணத்தைச் சின்ன எழுத்தில் எழுதி வைப்பார். யாராவது வந்து எங்கள் டீம் உள்ளே வந்துவிடும் என்று சும்மா அளந்தால், எந்த மேட்சில் யார் தோற்க வேண்டும், சொல்லுங்கள் என்று மார்க்கரை நீட்டுவார். இந்த ஒரு பழக்கத்தாலேயே அங்கே நடக்கிற வாக்குவாதத்துக்கு ஒரு தரம் இருக்கிறது.

நான் முதல் தடவை போனது லாஸ் வேகஸ் ரெய்டர்ஸும் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸும் மோதிய ராத்திரி. 2022 ஜனவரி 9. இரண்டுமே எங்களுக்குச் சம்பந்தமில்லாத டீம். அன்று மத்தியானம் ஜாக்ஸன்வில் யாரும் எதிர்பாராமல் இண்டியானாபோலிஸை 26-11 என்று அடித்ததால், இந்த மேட்ச் டிரா ஆனால் இரண்டு டீமும் உள்ளே, பிட்ஸ்பர்க் வெளியே என்று ஆகிவிட்டது. சார்ஜர்ஸ் 15 புள்ளி பின்னால் இருந்து வந்து நேரம் முடிகிற நொடியில் டச்டவுன் (பந்தை எதிரணி எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) போட்டு 29-29. ஓவர்டைமில் ஆளுக்கொரு ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி), 32-32. அப்படியே ஆடாமல் பந்தோடு மண்டி போட்டு நேரத்தை ஓட்டினால் இரண்டு பேருக்கும் லாபம், செய்வார்களா என்று பார் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தபோது ரெய்டர்ஸின் டேனியல் கார்ல்சன் 47 யார்டிலிருந்து உதைத்து முடித்தார், 35-32. லாஸ் வேகஸ் உள்ளே, பிட்ஸ்பர்க் உள்ளே, சார்ஜர்ஸ் வீட்டுக்கு. தனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லாத மேட்சுக்கு ஐம்பது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும், இனிமேல் இங்கேதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த வருஷம் எங்கள் முறை. லயன்ஸ் 1-6, அதாவது ஒரு வெற்றி ஆறு தோல்வி என்று தொடங்கின சீசன் அது, நவம்பரில் பலகையில் எங்கள் காந்தமே இல்லை. அப்புறம் வரிசையாக ஜெயித்து ஜெயித்துக் கடைசி ஞாயிறு, 2023 ஜனவரி 8 அன்று, 8-8-க்கு வந்து நின்றோம். ராத்திரி கிரீன் பேயை அவர்கள் மைதானமான லாம்போ ஃபீல்டில் ஜெயிக்க வேண்டும், ஆனால் அதற்கு முன்னால் சாயங்காலம் சியாட்டில் அணி லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியிடம் தோற்க வேண்டும். இதில்தான் பாரின் மீது எனக்கு ஒரு குறை. அந்தச் சியாட்டில் மேட்சைக் கழிப்பறை வாசல் பக்கத்துச் சின்ன டிவியில், சத்தமில்லாமல் போட்டு வைத்திருந்தார்கள். பெரிய திரையில் வேறு ஏதோ ஓடியது. முக்கால் மணி நேரம் கழுத்தை வளைத்துப் பார்த்த பிறகு நானும் இன்னும் இரண்டு பேரும் போய்க் கேட்டோம், பலகை அம்மாவே ரிமோட்டை எடுத்து மாற்றிச் சத்தத்தையும் ஏற்றினார். நாலாவது குவார்ட்டர் கடைசியில் 16-16, சியாட்டிலின் ஜேசன் மையர்ஸ் 46 யார்டிலிருந்து உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். ஓவர்டைமில் அதே மையர்ஸ் 32 யார்டிலிருந்து தப்பாமல் உதைத்தார், 19-16, எங்கள் மேட்ச் தொடங்கும் முன்பே எங்கள் சீசன் முடிந்துவிட்டது. நாங்கள் ஜெயித்தாலும் 9-8, சியாட்டிலும் 9-8, நேருக்கு நேர் மோதியதில் அவர்கள் ஜெயித்திருக்கிறார்கள். அந்த அம்மா எங்கள் நீலக் காந்தத்தை எடுத்துப் பலகைக்குக் கீழே வைத்துவிட்டு, சியாட்டில் பக்கத்தில் எழுதினார்: அக்டோபர் 2, 48-45.

ஒருவர்கூட எழுந்து போகவில்லை. அன்றைக்குக் கிரீன் பே ஜெயித்தால் அவர்கள் உள்ளே, தோற்றால் சியாட்டில் உள்ளே, எங்களுக்கு எதுவுமே இல்லை. இருந்தும் லயன்ஸ் 20-16 என்று ஜெயித்தது, எங்கள் ஜமால் வில்லியம்ஸ் இரண்டு டச்டவுன் ஓடி அந்த சீசனில் 17 ஆக்கி பேரி சாண்டர்ஸின் 16 என்ற பழைய லயன்ஸ் சாதனையைத் தாண்டினார், எங்கள் கர்பி ஜோசப் கிரீன் பேயின் ஆரன் ராட்ஜர்ஸ் எறிந்த பந்தைப் பறித்ததும் கண்ணாடி டம்ளர்கள் அதிர்ந்தன.

எந்தத் தோல்வி எங்களைக் கெடுத்தது என்ற சண்டை அதன்பிறகு இரண்டு மாதம் ஓடியது. 45 புள்ளி போட்டும் சொந்த மைதானத்தில் தோற்ற அந்த அக்டோபர் மேட்ச்தான் என்று பலர் சொன்னார்கள். கார் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கரோலினாவிடம் 37-23 தோற்றோமே, 320 யார்டு ஓடவிட்டோமே, அதை ஜெயித்திருந்தால் 10-7, எவனோடும் சமமாகவே நின்றிருக்க மாட்டோம், டைபிரேக்கர் பேச்சே வந்திருக்காது என்றார். நானும் அவர் கட்சிதான். மூன்றாவது தரப்பு, 1-6 என்று தொடங்கியதைப் பேசாமல் மற்றதை ஏன் பேசுகிறீர்கள் என்றது, அதுவும் நியாயம்தான்.

பஃபலோவிலிருந்து வந்து குடியேறிய ஒருவர் இருக்கிறார், டிசம்பர் வந்தால் அவர் சொல்கிற கதை ஒன்றுதான். 2017 டிசம்பர் 31, பஃபலோ டீமான பில்ஸ் 17 வருஷமாகப் பிளேஆஃப் பார்த்ததில்லை, தன் மேட்சை முடித்துவிட்டு அவர்கள் காத்திருக்க, பால்டிமோரில் சின்சினாட்டியின் ஆண்டி டால்டன் கடைசி நிமிஷத்தில், நாலாவது டவுன், அதாவது கடைசி வாய்ப்பு, 12 யார்டு தேவை, அதில் டைலர் பாய்டுக்கு எறிந்து 49 யார்டு டச்டவுன், 31-27. பால்டிமோர் வெளியே, பஃபலோ உள்ளே. பஃபலோ ரசிகர்கள் டால்டனின் அறக்கட்டளைக்கு 17 டாலர், 17 டாலராக அனுப்பினார்கள். இவரும் அனுப்பியிருக்கிறார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இன்னும் கம்மும்.

2024 சீசன் எனக்கும் என்னை அங்கே முதலில் கூட்டிப்போன நண்பருக்கும் நடந்த சண்டை. அவர் மினசோட்டாவில் படித்தவர், அந்த ஊர் டீம் வைக்கிங்ஸ் என்றால் உயிர், என்னைவிட எட்டு வயசு மூத்தவர். ஒரே டிவிஷனில் இருக்கும் லயன்ஸும் வைக்கிங்ஸும் கடைசி மேட்சில் மோதின, அப்போது இரண்டு அணியும் 14-2. ஜெயிக்கிறவன் முதலிடம், ஒரு வாரம் ஓய்வு. தோற்கிறவன் ஐந்தாமிடம், வெளியூர் போய் ஆட வேண்டும்.

“14 மேட்ச் ஜெயிச்சவன் 10 மேட்ச் ஜெயிச்சவன் ஊருக்குப் போய் ஆடணுமா தம்பி, இது என்ன நியாயம்?”

“டிவிஷன் ஜெயிச்சாதானே அண்ணே வீட்டுல ஆட முடியும். 2010-ல சியாட்டில் 7-9 வச்சுக்கிட்டு வீட்டுல ஆடி, 11-5 நியூ ஆர்லியன்ஸையே அனுப்பலையா?”

லயன்ஸ் 31-9 என்று ஜெயித்தது, ஜமீர் கிப்ஸ் நாலு டச்டவுன். 14-3 வைக்கிங்ஸ் 10-7 ராம்ஸோடு ஆடப் போனது, லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயால் அந்த மேட்சே அரிசோனாவுக்கு மாறி, 27-9 தோற்றது. அண்ணனுக்கு அன்றைக்கு நான்தான் பில் கொடுத்தேன். அடுத்த வாரமே முதலிடத்தில் இருந்த நாங்கள் ஆறாமிடத்து வாஷிங்டனிடம் சொந்த மைதானத்தில் 45-31 தோற்றோம், அவர் ஒரு வார்த்தை பேசாமல் என் பில்லைக் கொடுத்தார். பிறகு வசந்த காலத்தில், வெற்றிக் கணக்கை வைத்து வரிசை போடலாம் என்று லீகிடம் விதி மாற்றம் கேட்டதே லயன்ஸ்தான், கடைசியில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வாதத்தில் அண்ணன்தான் ஜெயித்தார் என்று ஒத்துக்கொள்கிறேன்.

மற்ற குறைகளும் இருக்கின்றன. லயன்ஸ் நன்றாக ஆட ஆரம்பித்த பிறகு ஜனவரி ஞாயிறுகளில் மேஜைக்குக் குறைந்தபட்சம் இத்தனை டாலர் என்று வைத்துவிட்டார்கள், பழைய ஆட்களுக்காவது அதை விட்டிருக்கலாம். வண்டி நிறுத்த இடம் பத்தாது, பனி பெய்தால் பின்பக்கம் யாரும் வாருவதில்லை. மிச்சிகனில் 2021 ஜனவரியில் போனில் பந்தயம் கட்ட அனுமதி வந்ததிலிருந்து சுவரோர மேஜைகளில் பேச்சே வேறு. யார் உள்ளே போவார்கள் என்பது அவர்களுக்குப் பொருட்டில்லை, கடைசி நொடியில் மூன்று புள்ளி கூடுமா குறையுமா என்பதற்குத்தான் கத்துவார்கள். நடுவில் யாராவது நம்ம டீமுக்கு 62 சதவீத வாய்ப்பு என்று போனைப் பார்த்துப் படிப்பார்கள். மிச்ச மேட்சுகளைக் கணினியில் ஆயிரக்கணக்கான தடவை ஆடிப் பார்த்து எடுத்த எண் அது, எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தால் பேச்சு அங்கேயே செத்துவிடுகிறது. மீதி 38 எந்த மேட்சில் இருக்கிறது என்று சொல்லுங்கள், பேசலாம்.

பலகையும் அந்த அம்மாவும் இருக்கிற வரை நான் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை மதிப்பெண் அந்தச் சின்ன டிவிக்காகக் குறைத்தது. போகிறவர்கள் 1 மணி மேட்சுக்கு 12-க்கே போய்விடுங்கள், கவுன்டரின் இடது கோடியில் உட்காருங்கள். பலகை நேர் எதிரே இருக்கும், உங்களுக்கு வேண்டிய வெளியூர் மேட்ச் எது என்று உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள், பெரிய திரையில் இல்லாவிட்டாலும் பக்கத்துத் திரையிலாவது போட்டுவிடுவார்கள்.