குச்சியில் வேர் பிடிக்க எது நல்லது: ஐ.பி.ஏ.வா, என்.ஏ.ஏ.வா?

நாற்றங்கால் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வராமல் போகாது. இரண்டுமே ஆக்சின் வகை, அதாவது வெட்டி நடும் குச்சியில் வேர் வரவைக்கும் வளர்ச்சி ஊக்கிகள். நான் ஐ.பி.ஏ. பக்கம்.

செடி தானாகவே சுரக்கும் ஆக்சினின் பெயர் ஐ.ஏ.ஏ. அது கொழுந்தில் உண்டாகித் தண்டு வழியாகக் கீழே இறங்கும். குச்சியை வெட்டியதும் போக வழியில்லாமல் வெட்டுவாயில் தேங்கும். அங்கே வேர் கிளம்புவது அதனால்தான். சரி, அதையே வாங்கித் தொட்டு வைக்கலாமே? வைக்கலாம். ஆனால் வெளிச்சம் பட்டாலே அது சிதையும். திசுவுக்குள் நொதிகளும் உடைத்துவிடும். வேர் கட்டுவதற்குள் தீர்ந்துபோகும்.

என்.ஏ.ஏ. முழுக்கச் செயற்கை. செடியால் அதை எளிதில் உடைக்க முடியாது. விலையும் குறைவு, வேகமும் அதிகம். சிக்கலும் அங்கேதான். ஆக்சின் வேரைத் தொடங்கி வைக்கும். ஆனால் தொடங்கிய வேர் நீள வேண்டுமென்றால் ஆக்சின் அளவு இறங்க வேண்டும். என்.ஏ.ஏ. சீக்கிரம் இறங்காது. கொஞ்சம் கூடிவிட்டால் வெட்டுவாய் கருத்து, வேர் தடித்துக் குட்டையாக நின்றுவிடும், மொட்டும் விரியாது. பூவும் பிஞ்சும் உதிராமலிருக்க மாவுக்கும் பருத்திக்கும் தெளிக்கிறோமே, அந்த 4.5 சதவீத மருந்தில் இருப்பதும் இதுதான். கையில் இருக்கிறதே என்று குச்சியை அதில் நேராக முக்காதீர்கள். அது 45,000 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் 45,000 பங்கு!

ஐ.பி.ஏ. செல்லுக்குள் போய்க் கொஞ்சம் கொஞ்சமாக ஐ.ஏ.ஏ.வாக மாறுகிறது, குதிரிலிருந்து அன்றன்றைக்கு அளந்து எடுப்பதுபோல. அளவு சற்றே பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும். ஐந்தாறு வாரம் கழித்து ஒரு மல்லிகைக் குச்சியைப் பிடுங்கி மண்ணை அலசிப் பார்த்தேன்: வெட்டுவாயைச் சுற்றி வெள்ளை வெளேரென்று மெல்லிய வேர்கள், பிரஷ் மாதிரி.

விலை கூடத்தான். ஆனால் 1 கிராமில் 1 லிட்டர், 1000 பி.பி.எம். கரைசல் கிடைக்கும்; இளங்குச்சிக்கு அது போதும். முற்றிய குச்சிக்கு 3000 வரை போகலாம். நேராகத் தண்ணீரில் கரையாது, முதலில் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைக்க வேண்டும். ஐந்து விநாடி முக்கினால் போதும்.

வேர்விட அடம்பிடிக்கும் சில மரங்களுக்கு இரண்டையும் கலந்து வைப்பார்கள், அங்கே என்.ஏ.ஏ.வுக்கு இடம் உண்டு. முருங்கைப் போத்துக்கு இரண்டுமே வேண்டாம்.

அப்புறம், பவுடராக வாங்கினால் குச்சியை அப்படியே மண்ணில் குத்தாதீர்கள், பவுடர் முழுக்க மேலேயே வழித்துக்கொண்டு நின்றுவிடும். முதலில் ஒரு ஈர்க்குக் கட்டால் குழி போட்டுவிட்டு நடுங்கள்.