சிந்துபூந்துறையில் நாலடி பேஸ்மட்ட வீடு: ஏழு வருட அனுபவம்

2018 தை மாசம் பால் காய்ச்சிக் குடிபுகுந்த வீடு. திருநெல்வேலியில் சிந்துபூந்துறைப் பக்கம், தாமிரபரணி ஆறு நடந்துபோகிற தூரம், மூன்றரை சென்ட் இடம். கீழே தார்சா (கூடம்), இரண்டு அறை, அடுக்களை. மேலே ஒரே ஒரு அறை, மிச்சமெல்லாம் தட்டட்டி, அதாவது மொட்டை மாடி. இந்த இடத்தில் தண்ணீர் வரும் என்று தெரிந்தே கட்டினோம், 2023 டிசம்பரில் வந்தும்விட்டது. அதற்கப்புறமும் ஒன்றரை வருடம் இதே வீட்டில் இருந்து பார்த்துவிட்டதால் எது தாக்குப் பிடித்தது, எது பல்லிளித்தது என்று இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது. தாழ்வான இடத்தில் வீடு கட்டப் போகிறவர்கள், முக்கியமாக பிளான் இன்னும் பேப்பரிலேயே இருக்கிறவர்கள், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

எல்லாரும் முதலில் கேட்பது எவ்வளவு உயரம் தூக்கினீர்கள் என்றுதான். கொத்தனார்கள் சொல்கிற வழக்கமான கணக்கு ரோட்டிலிருந்து மூணடி. தேசியக் கட்டிட விதித் தொகுப்பு சொல்வது சுற்றியுள்ள தரையைவிடக் குறைந்தது 45 செ.மீ., அதாவது ஒன்றரை அடி. அது சாதாரண மழைக்குப் போதும், ஆற்றங்கரைக்குப் போதாது. ரோட்டை வைத்து அளப்பதிலேயே ஒரு தப்பு இருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு எங்கள் தெரு என் சின்ன வயசிலிருந்து ஒன்றரை அடி ஏறியிருக்கிறது. அதனால் நாங்கள் ரோட்டை நம்பவில்லை. 1992 நவம்பர் வெள்ளம் வடிந்த கையோடு அப்பா எங்கள் பழைய ஓட்டு வீட்டுக் கிணற்றடிக் கல்தூணில் உளியால் ஒரு கோடு வெட்டி வைத்திருந்தார். மேஸ்திரி அண்ணாச்சி வெள்ளை டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அந்தக் கோட்டில் நான் பிடிக்க, மறுமுனையைத் தெருவில் கம்பு நட்டு அவர் பிடித்தார். பிடிப்பதற்கு முன் டியூப் முழுக்க விரலால் சுண்டிக்கொண்டே வந்தார். உள்ளே ஒரு காற்றுக்குமிழி நின்றால்கூட மட்டம் பொய் சொல்லும் என்று குமிழி எல்லாம் மேலே ஏறிப் போகிற வரைக்கும் விடவில்லை. அந்தக் கோடு இப்போதைய ரோட்டிலிருந்து ஐந்தரை அடி உயரத்தில் வந்தது.

ஆனால் நாங்கள் தூக்கியது நாலடிதான். காரணம் அம்மாவின் முழங்கால். அரையடிப் படி என்றால் நாலடிக்கு எட்டுப் படி, ஐந்தரை அடிக்குப் பதினோரு படி. படிக்குப் பதில் சறுக்குப் பாதை போடலாமே என்று பார்த்தால் ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், நாலடிக்கு 48 அடி. எங்கள் மனையின் நீளமே அவ்வளவு கிடையாது. அதனால் 1992 அளவுக்கு ஒரு வெள்ளம் வந்தால் வீட்டுக்குள் ஒன்றரை அடி தண்ணீர் நிற்கும் என்று ஒத்துக்கொண்டே அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினோம். இந்த ஒரு முடிவுதான் மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காக யோசிக்க வைத்தது. தண்ணீர் வராது என்று நம்பிக் கட்டினால் உள்ளே எதையும் யோசிக்க மாட்டோம். வரும் என்று கட்டினால் வந்த தண்ணீர் எந்த வழியாகப் போகும், போன பிறகு எத்தனை நாளில் அடுப்பு பற்ற வைக்கலாம் என்பதுதான் கேள்வி.

இதற்கு எங்கள் ஊரில் ஆற்றுக்குள்ளேயே ஒரு கட்டிடம் நிற்கிறது. குறுக்குத்துறை முருகன் கோயில். பெரிய வெள்ளம் வருகிறபோதெல்லாம் முங்கும், வடிந்ததும் கழுவிவிட்டுப் பூஜை நடக்கும். எல்லாம் கல், முகப்பு படகின் மூக்கு மாதிரி வருகிற தண்ணீரைப் பிளந்து இரண்டு பக்கமும் விட்டுவிடும். ஆறு ஏறுகிறது என்று தெரிந்ததும் உற்சவரையும் மற்ற பொருள்களையும் கரையில் இருக்கிற மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வீடு கட்டுகிற காலத்தில் அங்கே போய் உட்கார்ந்து நான் யோசித்தது கொஞ்ச நஞ்சமில்லை.

சரி, உள்ளே என்ன செய்தோம். கீழ்த்தளத்தில் பிளைவுட் அலமாரியே கிடையாது, எல்லாத் தட்டும் கடப்பா கல், சுவரில் பதித்தது. அடுக்களை மேடைக்கு அடியிலும் அதேதான், கதவுக்குப் பதில் துணித்திரை. சுவிட்ச், பிளக், எதுவும் நாலரை அடிக்குக் கீழே இல்லை, வயர் பைப் எல்லாம் சீலிங்கிலிருந்து கீழே இறங்குகிற மாதிரி, தரையிலிருந்து ஏறுகிற பைப் ஒன்றுகூட இல்லை. கீழுக்கும் மேலுக்கும் தனித்தனி லைன், தனித்தனி பிரேக்கர். மாடி அறையில் ஒரு கக்கூஸ், கல் மேடை, ஒரு சின்ன அடுப்பு. மாடிப்படி வீட்டுக்குள்ளேயே. அப்புறம் தார்சாத் தரையைப் பின்வாசல் பக்கமாக ஒன்றரை அங்குலம் சரித்து, சுவரின் அடியில் மூன்று இடத்தில் மூன்று அங்குல பைப் துண்டு பதித்து வெளியே மூடி போட்டோம். பழைய வீடுகளில் அங்கணக்குழித் தண்ணீர் வெளியே போக ஒரு ஓட்டை இருக்குமே, அதே யோசனைதான். டைல்ஸ் ஒட்டினவர் சரிவு வைத்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று ரொம்ப வாதாடினார். ஏழு வருடத்தில் வீட்டுக்கு வந்த ஒருவர்கூட அந்தச் சரிவைக் கவனித்ததில்லை.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. ராத்திரியெல்லாம் விடாத மழை, பகலிலும் விடவில்லை. அந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, மலையில் மாஞ்சோலையில் 55. காயல்பட்டினத்தில் ஒரு வருடத்து மழை ஒரு நாளில் கொட்டியது. தாமிரபரணி நீளமான ஆறு கிடையாது, பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிற வரை 130 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். பாபநாசம் எங்களுக்கு சுமார் 50 கிலோமீட்டர்தான். மேலே பெய்தது நம்மிடம் வர அதிக நேரம் எடுக்காது.

சாயங்காலமே கீழ்த்தளத்துப் பொருளையெல்லாம் மேலே ஏற்ற ஆரம்பித்தோம். ராத்திரி ஒன்பது மணி இருக்கும், படி எட்டும் முங்கிவிட்டது, நானும் தம்பியும் முன்வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறோம், பின்னாலிருந்து அம்மா கூப்பிடுகிறாள். போய்ப் பார்த்தால் கீழ் கக்கூஸ் கோப்பையில் குளுக் குளுக் என்று குமிழி விடுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுப்பாகத் தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தரையில் வழிந்தது. நான் செய்த பெரிய பிழை அதுதான். சுவர், தரை, கரண்ட் எல்லாம் யோசித்த நான் கழிவுக் குழாய் இரண்டு பக்கமும் போகிற வழி என்று யோசிக்கவில்லை. அந்த பைப்பில் ஒரு நான் ரிட்டன் வால்வு, அதாவது தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடுகிற வால்வு, போட்டிருந்தால் வந்திருக்காது. முன்வாசலில் மூட்டையை எவ்வளவு அடுக்கி என்ன, ஆற்றுத் தண்ணீர் மூட்டையைத் தாண்டுவதற்கு முன்பே சாக்கடை உள்ளே வந்துவிட்டது. மெயினை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டோம். விடியும்போது கீழே 16 அங்குலம் நின்றது. அப்பா வெட்டிய கோட்டுக்கு இரண்டு அங்குலம்தான் குறைவு.

இறங்கும்போதுதான் வீடு தன் வேலையைச் செய்தது. தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்ததும் மூன்று மூடியையும் கழற்றினோம். விளக்குமாற்றால் வண்டலைக் கலக்கிக் கலக்கித் தள்ள, வீட்டுத் தண்ணீரே அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனது. இதைத் தண்ணீர் இருக்கும்போதே செய்ய வேண்டும். ஒரு நாள் விட்டால் வண்டல் இறுகிவிடும், அப்புறம் அதை நனைத்துக் கரைத்து வாரி எடுக்க முதுகெலும்பு ஒடிந்துவிடும், எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் ஒரு வாரம் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கடப்பா தட்டுகளைச் சோப்பு போட்டுத் தேய்த்தோம், அவ்வளவுதான் அலமாரி வேலை. தெருவுக்குக் கரண்ட் வந்த அன்றைக்கே மாடி லைனை மட்டும் போட்டோம். அதற்கு மறுநாள் கீழ் அடுக்களையில் உலை வைத்தாள் அம்மா.

போனது என்னென்ன. கீழ் அறைகளின் ஒட்டுப் பலகை பிளஷ் கதவு இரண்டும் அடியில் உப்பிப் புத்தகம் மாதிரி பிரிந்துவிட்டன, தாத்தா காலத்துத் தேக்கு முன்கதவை வெயிலில் சாய்த்து வைத்து மறுபடி மாட்டினோம், இன்றைக்கும் ஓடுகிறது. போர் மோட்டார் கீழே தரையில் இருந்தது, காயில் போயிற்று. இப்போது சுவரில் கல் பதித்து ஆறடி உயரத்தில் வைத்திருக்கிறேன். பிரிட்ஜை மேலே ஏற்ற ஆள் போதவில்லை, அதன் கம்பிரசர் அடியில்தான் இருக்கிறது, அதுவும் போயிற்று. புட்டி அடித்து எமல்ஷன் பூசிய தார்சாச் சுவர் நாலு மாசம் ஈரம் விடவில்லை, மேலே படலம் மூடியிருந்தால் உள்ளே குடித்த தண்ணீர் எங்கே போகும், கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி உதிர்ந்தது. காசு பத்தாமல் வெறும் சுண்ணாம்பு அடித்து விட்ட பின்னறை ஐந்து வாரத்தில் காய்ந்துவிட்டது. இப்போது கீழே மூன்றடி உயரம் வரை எல்லாச் சுவரும் சுண்ணாம்புதான்.

ஆறு மாசம் கழித்துத் தெரிந்தது இன்னொன்று. தார்சாவின் வடமேற்கு மூலையில் டைல்ஸைத் தட்டினால் டொப்பு டொப்பு என்று வெற்றுச் சத்தம். பேஸ்மட்டத்துக்குள் நிரப்பிய மண்ணை அந்த மூலையில் சரியாகக் கெட்டிக்கவில்லை. வெள்ளத்தில் ஊறி இறங்கிவிட்டது. நாலடி நிரப்புகிறீர்கள் என்றால் அரையடி அரையடியாகக் கிராவல் போட்டு, தண்ணீர் விட்டு, ஒவ்வொரு அடுக்கையும் குத்திக் கெட்டித்த பிறகுதான் அடுத்தது. பக்கத்தில் நின்று பாருங்கள். நான் அன்றைக்கு ஆபீஸ் போய்விட்டேன். எட்டு டைல்ஸ் பெயர்த்து மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

இதையெல்லாம்விட மனசை அறுப்பது மதில்தான். வடக்குப் பக்கம் ஐந்தடிக்குக் கெட்டியாகச் சுற்றுச்சுவர் எழுப்பியிருந்தேன். மனையையும் நிரப்பி மதிலையும் கட்டினால் முன்பு அந்த வழியாகப் போன தண்ணீர் எங்கே போகும்? பக்கத்து வளவுக்குள் போனது. ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் சாய்ந்து நின்றால் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறத்தாழ அரை டன் தள்ளும், ஒற்றைச் செங்கல் மதில் அதைத் தாங்காது. நடுராத்திரி பத்தடி நீளம் அவர்கள் துவைக்கல் மேல் விழுந்தது. நல்லவேளை, அந்த நேரம் அங்கே யாரும் இல்லை. தண்ணீர் வடிந்த மறுநாள் அந்த வீட்டு மைனி கோபமே இல்லாமல்தான் சொன்னாள், "தம்பி, ஒங்க மதிலு தண்ணிய எங்க பக்கம் தள்ளிட்டுல்லா." எனக்குப் பதில் வரவில்லை. வெள்ளத்துக்குத் தாங்குகிற வீடு கட்டினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அந்தத் தண்ணீரை ஒரு ஓட்டு வீட்டுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். மதிலைத் திரும்பக் கட்டும்போது அடியில் மூன்றடிக்கு ஒரு திறப்பு, ஒவ்வொன்றும் ஒரு அடி அகலம், எலி பாம்பு வராமல் இரும்பு வலை. வடக்கு ஓரத்தில் நிரப்பியிருந்த மண்ணையும் வெட்டியெடுத்துப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவந்து வாய்க்கால் மாதிரி விட்டுவிட்டேன். வண்டி நிறுத்த இடம் போயிற்று, போகட்டும். இப்போது மறுபடி கட்டுவதாக இருந்தால் மண் நிரப்பவே மாட்டேன். தூண் நிறுத்தி அடியில் தண்ணீர் ஓடுகிற மாதிரிதான் கட்டுவேன்.

அன்றாடம் எப்படி என்று கேட்டால், எட்டுப் படி சிரமம்தான். சிலிண்டர் போடுகிறவர் ஒவ்வொரு தடவையும் முகம் சுளிப்பார். நாலாவது படியில் அகலமாக ஒரு திண்ணை விட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தது நல்லதாயிற்று, அம்மா காய்கறிப் பையோடு அங்கே உட்கார்ந்து தெருவில் போகிற எல்லாரிடமும் பேசிவிட்டுத்தான் மேலே வருவாள். செலவு என்று பார்த்தால் வழக்கமான உயரத்துக்கு மேல் தூக்கியதற்கு 2017இல் ஒன்றரை லட்சம் கூடுதலாக ஆயிற்று. கடப்பா தட்டு பிளைவுட்டைவிட மலிவு. பிரேக்கர், வயர் கூடுதல் பெரிய தொகை இல்லை.

அந்த நான் ரிட்டன் வால்வை வெள்ளம் வடிந்த மாசமே போட்டுவிட்டேன், செப்டிக் டேங்குக்கு முன்னால், கையால் திறக்கிற மாதிரி ஒரு சின்னச் சேம்பருக்குள். ஆனால் போட்டால் மட்டும் போதாது, வருடத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பார்க்க வேண்டும், நான் ஐப்பசி பிறந்ததும் பார்க்கிறேன். போன ஐப்பசியில் மூடியைத் திறந்தால் உள்ளே தட்டுக்கு அடியில் ஒரு ஷாம்பு பாக்கெட் மடிந்து சிக்கியிருக்கிறது, தட்டு கால் அங்குலம் திறந்தே நிற்கிறது, எத்தனை நாளாக அப்படி நின்றதோ. எடுத்துப் போட்டுவிட்டு, ரப்பர் வளையத்தை மாற்றி, டேங்க் பக்கமிருந்து இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே ஓடிப்போய்க் கோப்பையைப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை.