ப்ளூகிராஸ் கன்ட்ரி வானொலி: பல வருடம் கேட்ட அனுபவம்

வாஷிங்டனை ஒட்டிய வர்ஜீனியா புறநகரில் இருக்கிறேன். காரிலும் சமையலறையிலும் பல வருடமாக நான் கேட்பது ‘ப்ளூகிராஸ் கன்ட்ரி’ வானொலி. கன்ட்ரி என்பது அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டு; பான்ஜோ, மாண்டலின் மாதிரித் தந்திக் கருவிகளோடு வரும் அதன் ஒரு வகைதான் ப்ளூகிராஸ். 88.5 எஃப்எம்மின் எச்டி-2 சேனலில் (அதே அலைவரிசையில் டிஜிட்டலாக வரும் கூடுதல் சேனல்) வருகிறது, இணையத்திலும் கேட்கலாம். இந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் தவறவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

இந்த இசைக்கும் இந்தப் புறநகருக்கும் உள்ள உறவு பழையது. இரண்டாம் உலகப் போரை ஒட்டி வேலை தேடி அப்பலாச்சிய மலைப்பகுதிகளிலிருந்து ஏராளமானோர் இங்கே வந்தார்கள். அவர்களை நம்பித்தான் 1946-ல் கானி பி. கே என்பவர் ஆர்லிங்டனில் இருந்த டபிள்யூஏஆர்எல் என்ற சின்ன நிலையத்தில் கன்ட்ரி நிகழ்ச்சி ஆரம்பித்தார். சம்பளம் வேண்டாம், விளம்பர வருமானத்தில் பங்கு கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டாராம். அரை மணி நேர நிகழ்ச்சியாகத் தொடங்கியது மளமளவென்று வளர்ந்தது. மறு வருடமே வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் ஹாலில் கன்ட்ரி கச்சேரி நடத்திக் காட்டினார். ஜிம்மி டீன், பக்கத்து வின்செஸ்டர்க்காரரான பாட்ஸி க்ளைன் எல்லாம் அவர் நிகழ்ச்சிகளில் பாடியவர்கள். 1958-ல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் உருவானபோது முதல் தலைவரும் அவரே.

நான் கேட்கும் வானொலியின் வேர் வேறு இடம். 88.5-ஐ நடத்தும் அமெரிக்கன் யுனிவர்சிட்டியின் டபிள்யூஏஎம்யூ நிலையம் 1967-ல் ப்ளூகிராஸ் ஒலிபரப்பத் தொடங்கியது. 2001-ல் வார நாள் மாலை நிகழ்ச்சியை எஃப்எம்மிலிருந்து எடுத்துவிட்டு இணையத்துக்கு மாற்றினார்கள். 2016-ல் அதையும் நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. நேயர்கள் விடவில்லை. ஒரு அறக்கட்டளை அமைத்து 2017-ல் தாங்களே எடுத்து நடத்த ஆரம்பித்தார்கள். இன்றும் நன்கொடையில்தான் ஓடுகிறது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அறிவிப்பாளர்கள். பாட்டு முடிந்ததும் பாடியவர் பெயரோடு நிறுத்த மாட்டார்கள். பான்ஜோ யார், மாண்டலின் யார், எந்த வருடத்துப் பதிவு என்று சொல்வார்கள். காது பழகியதே அப்படித்தான். பான்ஜோவில் ஐந்தாவது கம்பி மட்டும் குட்டையானது. அதன் முறுக்காணி தலைப்பக்கம் இல்லாமல் கழுத்தின் நடுவில் இருக்கும். கட்டைவிரல் அந்தக் கம்பியைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே இருக்கும். நம் கச்சேரியில் தம்புரா போல, மெட்டு எங்கே போனாலும் அந்த ஒரு ஸ்வரம் அடியில் நிற்கும். இதைக் கவனிக்க ஆரம்பித்தபின் வேகமான வாசிப்புகூட எனக்கு இரைச்சலாகத் தெரியவில்லை.

உள்ளூர்க் குழுக்களை அறிந்ததும் இதில்தான். கன்ட்ரி ஜென்டில்மென் 1957-ல் பெய்லிஸ் கிராஸ்ரோட்ஸில் தொடங்கியது. நான் சாமான் வாங்கப் போகும் இடம் அது! செல்டம் சீன் 1971-ல் மேரிலாந்தின் பெதஸ்டாவில் உருவானது. அதில் பாடியவர் ஒரு டாக்டர், பான்ஜோ வாசித்தவர் கணித வல்லுநர், பாஸ் வாசித்தவர் வரைபடம் வரைபவர். பகலில் ஆபீஸ், வாரம் ஒரு ராத்திரி கச்சேரி. புறநகர் வாழ்க்கை இந்த இசைக்கு என்ன கொடுத்தது என்று யாராவது கேட்டால் நான் இவர்களைத்தான் காட்டுவேன்.

குறை என்றால் எச்டி-2 ஒலிபரப்பு. வழக்கமான எஃப்எம்மில் சிக்னல் குறைந்தால் கரகரப்போடாவது கேட்கும். எச்டி-2 முழுக்க டிஜிட்டல் என்பதால், குறைந்த மறு நொடி சத்தமே இருக்காது. மேற்கே ப்ளூ ரிட்ஜ் மலையை நோக்கிப் போகும்போது இது அடிக்கடி நடக்கும். எச்டி வசதி இல்லாத காரில் அந்தச் சேனலே கிடையாது. அதனால் இப்போது காரிலும் ஃபோன் வழியாகத்தான் கேட்கிறேன்.

புதிதாகக் கேட்பவர்கள் எடுத்ததுமே பழைய பதிவுகளில் இறங்க வேண்டாம். அந்தக் கூர்மையான உச்சஸ்தாயிக் குரல் பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும். செல்டம் சீனில் ஆரம்பியுங்கள், அப்புறம் ப்ளூகிராஸின் தந்தை என்று சொல்லப்படும் பில் மன்ரோவுக்கு வாருங்கள். பிடித்துப்போனால், வருடாந்திர நன்கொடை திரட்டும்போது முடிந்ததை அனுப்புங்கள்.